சர்க்கரை இல்லாதவர் ஆயுளுக்காக மெட்ஃபார்மின் சாப்பிடலாமா?

அப்பா சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினை, ஆயுள் கூடும் என்று நீங்களும் போடலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

உங்கள் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 2024-இல் வெளியான சீன ஆய்வில், ஆண் குரங்குகளுக்கு 40 மாதம் இதைக் கொடுத்தபோது மூளை உட்படப் பல உறுப்புகளில் மூப்பின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் சோதித்த குரங்குகள் கொஞ்சம்தான்.

மனிதர்களிடம் பார்த்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019-இல் வந்த ஆய்வில் 60 வயதை ஒட்டியவர்கள் 12 வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். கூடவே மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மற்றவர்கள் அளவுக்கு உயரவில்லை. அதாவது, பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் வேர்க்க நடக்கிறீர்களே, அந்தப் பலனிலேயே அது கை வைக்கலாம்.

அப்பா டாக்டர் சொன்னபடி தொடரட்டும், நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அவர் சைவம் என்றால் அதற்கொரு ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.