இரட்டைப் பிள்ளைகளுக்கு என் பால் காணுமா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 36 கிழமையில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்து இப்போது ஏழு கிழமை. பிறக்கும்போது மகன் 2.4 கிலோ, மகள் 1.9 கிலோ. ஒரு மாதத்தில் நிறுத்தபோது மகன் 3.2, மகள் 2.3. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பின்னேரமானால் மகன் ஓயாமல் அழுவான். மகள் கொஞ்சம் குடித்ததும் நித்திரையாகிவிடுவாள். இரண்டு பேருக்கும் பால் காணாது, பால்மா கரைத்துக் கொடு, இந்த வெக்கைக்குத் தண்ணீரும் பருக்கு என்கிறா மாமி. இவர் விடியவே வயலுக்குப் போய்விடுவார். எனக்கு நித்திரையே இல்லை. சில நேரம் எல்லாத்தையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கு.

பதில்: தங்கச்சி, மகனின் அழுகையை விட மகளின் நித்திரையும் நீங்கள் கடைசியாக எழுதிய வரியும்தான் எனக்குக் கவலை தருகின்றன.

பால் காணும் என்பதற்கு மகனே சாட்சி. தாய்ப்பாலை மட்டும் குடித்து ஒரு மாதத்தில் 800 கிராம் கூடியிருக்கிறான். பின்னேர அழுகை இந்த வயதில் கூடி, மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் பிறக்கவேண்டிய திகதியிலிருந்து எண்ணவேண்டும். ஆகவே இன்னும் சில கிழமைக்கு அழுகை கூடினாலும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு அழுகைக்கும் பால்மாப் பேணியைத் திறந்தால் பிள்ளை முலையில் இழுப்பது குறையும். இழுப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும்.

மகளின் கதை வேறு. 400 கிராம் கூடியது கொஞ்சம் மந்தம். பிறந்த முதல் நாட்களில் குறைந்த நிறை திரும்பிய பிறகு நாளுக்கு 20 கிராமாவது ஏறவேண்டும். முந்திப் பிறந்த சின்னப் பிள்ளை பசித்தாலும் அழாது, களைத்து உறங்கிவிடும். அதை நல்ல பிள்ளை என்று விட்டுவிடுவோம். அழுகிற பிள்ளைக்கே மடி போய்விடும். ஆகவே பகலோ இரவோ, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது மகளை எழுப்புங்கள். உடுப்பைக் கழற்றி உங்கள் நெஞ்சோடு போட்டால் மெல்ல முழிப்பாள்.

இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பிள்ளைகளின் கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி ஆளுக்கொரு கமக்கட்டுக்குள் அணைத்து, ஒரே நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். மகன் பலமாக இழுக்கும்போது மற்ற முலையிலும் பால் இறங்கும். மகளுக்குச் சிரமம் பாதியாகும். அடுத்த தடவை பக்கத்தை மாற்றுங்கள். மகள் விட்ட பிறகு மிச்சத்தைக் கையால் பீச்சி, அவித்த சின்னக் கோப்பையால் பருக்குங்கள், போத்தல் வேண்டாம். முதல் சில நாள் தூக்கித் தர ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். அவவும் பாசத்தில்தான் சொல்கிறா. ஆனால் ஆறு மாதம் முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம், கொதித்தாறிய தண்ணீரும் கூடாது. தாய்ப்பாலில் 100க்கு 88 பங்கு தண்ணீர்தான். வன்னி வெயிலுக்கும் அது போதும். தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், இரத்தத்தில் உப்பைக் குறைத்து வலிப்பையும் கொண்டுவரலாம். அந்தத் தண்ணீரை மாமி உங்களுக்குத் தரட்டும், பால் கொடுக்க இருக்கும்போதெல்லாம் ஒரு செம்பு. கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா சத்துமாவும் உங்களுக்குத்தான். வீடெல்லாம் பங்கு போட்டுவிடாதீர்கள்.

இனி அந்தக் கடைசி வரி. அப்படி நினைத்ததால் நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடவில்லை. நித்திரை முறிந்த உடம்பு அப்படித்தான் பேசும். கணவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்: இரவில் ஒரு பால் கொடுத்து முடிந்ததும் இரண்டு பிள்ளைகளையும் அவர் வாங்கி, ஏவறை எடுத்து, துணி மாற்றி, அடுத்த பாலுக்கு மட்டும் உங்களை எழுப்பவேண்டும். பகலில் அது மாமியின் முறை. சமையலும் உடுப்புத் தோய்ப்பதும் இப்போது உங்கள் வேலை இல்லை. இப்படிச் செய்தும் அழுகையும் வெறுப்பும் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் அது வருத்தம், மருந்து உண்டு. குடும்பநல மாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இரவென்றால் மனநல உதவிக்கான 1926க்கு அழைக்கலாம்.

மகள் எழுப்பியும் குடிக்காவிட்டால், நாளுக்கு ஆறு துணிகூட நனையாவிட்டால், யாருக்காவது காய்ச்சலோ மூச்சிழுப்போ வந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசில்லை.

அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் நாளைக்கே மகளை நிறுத்துப் பாருங்கள். பார்த்த வைத்தியர் கொஞ்சம் பால்மா சேர்க்கச் சொன்னால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேணியில் உள்ள அளவுப்படி கரையுங்கள், மிச்சம்பிடிக்கத் தண்ணீரைக் கூட்டவேண்டாம். இரண்டு பிள்ளைகளோடு தனியே பஸ் ஏறாமல் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகனின் நிறையை அவவும் தராசில் பார்க்கட்டும்.