அம்மாவை ஏன் காட்டிக்கொடுத்தீர்கள்?

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய காபிக் கடை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகளாக என் பொறுப்பு. இரண்டு மாதங்களில் கூகுளில் நான்கு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேர், காபி கழுநீர் போல இருந்தது என்கிறார்கள். ஒருவர், கல்லாவில் இருந்த அம்மாள் எரிந்து விழுந்தார் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு, ‘என் தாயாருக்கு வயதாகிவிட்டது, சில நேரம் இப்படித்தான் நடந்துகொள்வார், இனி அவரைக் கடையில் உட்காரவிட மாட்டோம்’ என்று பணிவாகவே பதில் போட்டேன். அப்படியும் அவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை. காலை நான்கரை மணிக்கு அம்மாதான் வந்து டிகாக்‌ஷன் இறக்குகிறார். தூள் விற்கும் விலையில் ஒரு முறைக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. இந்த விமர்சனங்களை நீக்க வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இல்லை. கடைக்காரர் நினைத்தால் அழித்துவிடக்கூடியவை அல்ல அவை. கடைக்கே வராதவர் எழுதிய பொய், வசை, மிரட்டல் என்றால் கூகுளிடம் முறையிடலாம். காபி நன்றாக இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது. நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

மாதம் இரண்டு மூன்று கடைக்காரர்களாவது இதையே எனக்கு எழுதுகிறார்கள். நட்சத்திரம் குறைந்த கவலைதான் எல்லோருக்கும். உங்கள் கடிதத்திலோ ‘பணிவாகவே பதில் போட்டேன்’ என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யாரிடம் பணிவு? ஒரு நாள் வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போன ஒருவரிடம். அவரைச் சமாதானப்படுத்த யாரைக் கொடுத்தீர்கள்? பெற்றவளை. அதுவும் ஊரே படிக்கும் இடத்தில். கடைப் பெயரும் முகவரியும் மேலே இருக்க, ‘என் தாயார் இப்படித்தான்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்று எனக்கு எழுதினீர்களே, அந்தக் கூச்சம் அம்மா விஷயத்தில் எங்கே போயிற்று?

வெளியார் முன் வீட்டு மனிதரை விட்டுக்கொடுக்கக் கூடாது. இதை நான் பழைய பழக்கமாக நினைக்கவில்லை. குடும்பம் என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான். அவர் செய்தது தவறாகவே இருக்கட்டும். அதைப் பின்கட்டில், தனியாக, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அவர் ஏன் எரிந்து விழுந்தார்? யோசித்தீர்களா? நான் யோசித்தேன். நான்கரை மணிக்கு இறக்கிய டிகாக்‌ஷன் உங்கள் காலை வாடிக்கையாளர்களுக்கே சரியாகப் போயிருக்கும். உள்ளூர்க்காரர்கள் கள்ளிச்சொட்டாகக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதனால்தான் அவர்கள் யாரும் குறை எழுதவில்லை. ஆலங்குடி, திருநாகேசுவரம் என்று நவகிரகக் கோயில்களைச் சுற்றிவிட்டு, ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற ஆசையோடு பதினொரு மணிக்கு மேல் வேனிலிருந்து இறங்குகிறவருக்கு என்ன கொடுத்தீர்கள்? முதல் டிகாக்‌ஷன் தீர்ந்திருக்கும். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாக்‌ஷன். பழுப்பாக, மணமில்லாமல், நாக்கில் கசப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும் தண்ணீர்.

அது என்னவென்று கல்லாவில் இருந்த அம்மாவுக்குத் தெரியும். உங்கள் அப்பா காலத்திலிருந்து டிகாக்‌ஷன் இறக்கிய கை அது. கொடுக்கத் தகாத ஒன்றைக் கொடுத்துக் காசையும் வாங்கிப் போட வேண்டிய நிலையில், ‘என்னம்மா காபி இது?’ என்று ஒருவர் கேட்டால் அந்த அம்மாள் என்ன சொல்வார்? மகனைக் காட்டிக்கொடுக்க முடியாது. கோபம்தான் வரும். அவர் உங்களைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார், நீங்கள் அவரைக் கைகாட்டிவிட்டீர்கள். இது என் ஊகம்தான். தவறென்றால் அம்மாவிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.

ஆகவே உங்களுக்கு வந்திருப்பவை நான்கு புகார்கள் அல்ல. ஒரே புகார். அதுவும் நீங்கள் எடுத்த முடிவின் மேல்.

தூள் விலை ஏறியது உண்மை. பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து, 2024-லும் 2025-லும் உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை எங்கோ போய்விட்டது. அதற்கு டம்ளருக்கு இரண்டு ரூபாய் ஏற்றிப் பலகையில் எழுதி வையுங்கள். நல்ல காபிக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க யோசிக்கிற ஊர் இல்லை அது. சிக்கரியைக் கூட்டி நிறத்தை ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. விதியை விடுங்கள், நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். உறவினர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும், இலவசக் காபி தருகிறேன், விமர்சனத்தை மாற்றுங்கள் என்று பேரம் பேசுவதும் கூகுள் விதிகளுக்கே விரோதம்.

நாளைக் காலை பத்தரை மணிக்கு இன்னொரு ஃபில்டரில் புதுத் தூள் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். அம்மா அல்ல, நீங்கள். அது தன் வேகத்தில்தான் சொட்டும். பதினொரு மணிக் கூட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டுமென்றால் அப்போதே கை வைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஃபோனில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்று. நான்கரை மணிக்கு வருகிற அம்மாவுக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள்? கடிதத்தில் இல்லை. ‘அம்மாவுக்குச் சம்பளமா?’ என்று கேட்பீர்கள். வேறு ஒருவரை அந்த நேரத்துக்கு வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ, அதை மாதம் முதல் தேதி அவர் கையில் கொடுங்கள். கூலிக்கு நிற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் ஊழியருக்குச் சொல்வதை மகன் தாய்க்குச் செய்ய வேண்டாமா? நீங்களோ ‘உட்காரவிட மாட்டோம்’ என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தப் பதிலை இன்றே திருத்துங்கள். திருத்தக் கூகுளில் வசதி இருக்கிறது. இப்படி எழுதலாம்: ‘நீங்கள் வந்தபோது முதல் டிகாக்‌ஷன் தீர்ந்திருந்தது. இரண்டாம் டிகாக்‌ஷனில் காபி கொடுத்தோம். அது கடை உரிமையாளரான என் முடிவு, என் தவறு. மனம் வருந்தும்படி பேச நேர்ந்ததற்கும் நானே பொறுப்பு. இப்போது பதினொரு மணிக்கும் புதிதாக இறக்குகிறோம்.’ கடைசி வரி உண்மையான பிறகு அதைச் சேருங்கள். மற்ற மூவருக்கும் பேச்சு பற்றிய வரியை விட்டுவிட்டு இதையே எழுதலாம். அவர்கள் நட்சத்திரத்தை மாற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பழைய பதிலை அம்மா இதுவரை பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் ஒருநாள் ஃபோனை நீட்டிக் காட்டிவிடுவார். அதற்கு முன், இன்றிரவு கடையைச் சாத்தியபின், அவரை உட்காரவைத்து, என்ன எழுதினீர்கள் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். புதிய பதிலையும் படித்துக் காட்டுங்கள். அதில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாலும் மாற்றிவிட்டுப் போடுங்கள்.