பழைய சட்டை, புடவையை வெட்டிக் குழந்தைக்குத் தைப்பது லாபமா? எதிலிருந்து தொடங்குவது?

மூன்று வயது மகள். பீரோவில் அப்பாவின் பழைய சட்டைகளும் அம்மாவின் காட்டன் புடவைகளும் கிடக்கின்றன. மிஷினில் நேராகத் தையல் ஓட்ட வரும், அதற்கு மேல் பழக்கமில்லை. இதில் இறங்கினால் காசு மிச்சமாகுமா, எந்தத் துணியில் கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் வீட்டு உடுப்பு பெரும்பாலும் இப்படித்தான் தைக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் காசு. பனியன் துணி ஃபிராக், டி-ஷர்ட், டவுசர் எல்லாம் திருப்பூர் புண்ணியத்தில் தெருவோரத்திலேயே மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றோடு போட்டி போட்டு வீட்டில் தைத்தால் நூல், எலாஸ்டிக், உங்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்து நஷ்டம்தான். ஆனால் நெய்த துணியில், நூறு சதவீதம் காட்டனில், உள்ளே நைலான் வலை எதுவும் இல்லாத ஒரு கவுன் வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். விலையைச் சொல்லும்போது உங்களுக்கே புரியும். லாபம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, வருடக்கணக்கில் துவைத்த காட்டன் இனிமேல் சுருங்காது, சாயமும் விடாது. போக வேண்டியதெல்லாம் போயாச்சு. புதுத்துணியின் கஞ்சியும் மொடமொடப்பும் இருக்காது. பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஜபலா தைப்பது சும்மா இல்லை. அந்த ஜபலாவில் தையல் மடிப்பை வெளிப்பக்கம் விட்டுத் தைப்பார்கள், பிஞ்சுத் தோலில் உரசக் கூடாது என்று. கடையில் வாங்கும் ஜபலாக்கள் நிறையவற்றில் இது இருக்காது.

சரி, துணியைத் தேர்ந்தெடுப்பது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். சல்லடை மாதிரி வெளிச்சம் வரும் இடமெல்லாம் கழிவு. பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுங்கள். சரசரவென்று நூல் விடும் சத்தம் கேட்டால் அது கைக்குட்டைக்குக்கூட ஆகாது. காட்டனா கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். உருகுவதைக் குழந்தைக்குத் தைக்க வேண்டாம் என்பேன். வியர்வை ஒரு காரணம், தீபாவளி இன்னொரு காரணம். தீப்பொறி பட்டால் காட்டனும் எரியும்தான், ஆனால் சிந்தெடிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஜார்ஜெட் புடவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திரைச்சீலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்குப் புடவையைவிடச் சுலபமானது இல்லை. சுங்குடி மாதிரி மெல்லிய காட்டன் என்றால் இன்னும் நல்லது. புடவையில் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயாது. கொசுவம் வருகிற இடத்தின் அடிக்கரை காலில் மிதிபட்டு நைந்திருக்கும். முதல் சுற்று, அதாவது உள்ளே மறைந்து போகும் பகுதி, வெயில் படாததால் நிறம் மங்காமல் இருக்கும். அங்கிருந்து எடுங்கள். ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், துவைத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கிட்டத்தட்ட 19 இன்ச் இருக்கும். (உங்கள் பிள்ளையை அளந்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், வயதை நம்பாதீர்கள்.) இடுப்பில் எலாஸ்டிக் மடிப்புக்கு 1 இன்ச், டக் (நீளத்தைக் குறைக்கக் குறுக்கே மடித்துத் தைக்கும் மடிப்பு) வைக்க 3 இன்ச். மொத்தம் 23. புடவை அகலம் 46 இன்ச் என்றால் சரிபாதி! நடுவில் நீளவாக்கில் வெட்டினால் இரண்டு பக்கக் கரையிலும் ஒவ்வொரு பாவாடை. கரையே பாவாடையின் அடியாக வருவதால் கீழே மடித்துத் தைக்கும் வேலையே கிடையாது. சுற்றளவுக்கு இரண்டு மீட்டர் நீளம் எடுத்தால் நன்றாகக் கொசுவம் விழும். ஒரு பக்கத் தையல், மேலே எலாஸ்டிக் நுழைக்க ஒரு மடிப்பு, அவ்வளவுதான் பாவாடை.

டக் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கரைக்கு மேலே அரை இன்ச் ஆழத்தில் மூன்று டக் பிடியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு இன்ச் துணியை விழுங்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். இந்த வயதுக்கு மேல் குழந்தைகள் ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் உயர்வார்கள், அதில் இடுப்புக்குக் கீழே வருவது ஒரு பங்குதான். அதனால் மூன்று டக் இருந்தால் ஒரு பாவாடை தாராளமாக இரண்டு வருடம் ஓடும். டக்கை நீளத் தையலில் போடுங்கள், பிரிக்க வசதி. பிரித்த இடத்தில் கோடு தெரிகிறதே என்று தோன்றினால் அதன் மேல் ஒரு லேஸ் வைத்துவிடலாம். எனக்கு அந்தக் கோடு பிடிக்கும், விட்டுவிடுவேன்.

அடுத்தது ஆண்கள் சட்டை. இதில்தான் எனக்கு ருசி அதிகம். நடுத்தர வயது ஆளின் 40 சைஸ் சட்டையைப் பாருங்கள். காலர் நைந்திருக்கும், அக்குளில் மஞ்சள் கறை இருக்கும், முழங்கை மெலிந்திருக்கும். ஆனால் பேண்டுக்குள் போன கீழ்ப்பகுதியும் முதுகும் புதுசு போலவே இருக்கும். அதைவிடப் பெரிய வரம் பட்டன் பட்டி. வீட்டில் தைப்பவர்களுக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, எடுப்பதுதான் கண்டம், இங்கே அது தயாராகவே இருக்கிறது. ஆகவே சட்டையின் முன்பக்கத்தை கவுனின் முதுகுப் பக்கமாக ஆக்கிவிடுங்கள். பட்டன் பின்னால் வந்துவிடும்.

பட்டன்களைப் போட்டுச் சட்டையை மேசையில் விரித்து, அடியிலிருந்து 14 இன்ச் அளந்து குறுக்கே வெட்டுங்கள். அதுதான் கவுனின் கீழ்ப்பகுதி. அடிமடிப்பு, பக்கத் தையல், பட்டன் பட்டி மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. அடி வளைவாக உள்ள சட்டை என்றால் முதலில் நேராக வெட்டி மடித்துத் தைத்த பிறகு அளக்க வேண்டும். வெட்டுகிற கோட்டில் பட்டன் வந்தால் அரை இன்ச் மேலே கீழே நகர்த்திக்கொள்ளுங்கள். மீதமுள்ள மேல்பாதியில், காலருக்குக் கீழே, பட்டன் பட்டியை நடுவில் வைத்து மேல்பகுதிக்கு வெட்டுங்கள். பிள்ளையின் மார்பு 21 இன்ச் என்றால் தளர்வு 3 சேர்த்து 24. முன்னுக்கு 12, பின்னுக்கு 12, தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை இன்ச். உயரம் ஏழு, கைக்குழி ஐந்து. சட்டையின் அகலம் 22 இன்ச்சுக்குக் குறையாது என்பதால் கறை பிடித்த அக்குள் தானாகவே வெளியே போய்விடும்.

பிறகு பட்டன்களைத் துளையிலிருந்து விடுவித்து, கீழ்ப்பகுதியைச் சுருக்கு வைத்து மேல்பகுதியோடு இணைக்க வேண்டும். பட்டன் பட்டி மேல் சுருக்கு வரக் கூடாது, அதை ஒட்டியே நேராக வைத்துத் தையுங்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் சட்டையின் கையிலிருந்து மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய பட்டி போதும். பாக்கெட்டைப் பிரித்து கவுனுக்கு முன்னால் வைக்கலாம், ஆனால் பாக்கெட் இருந்த இடம் சுற்றிலும் உள்ள துணியைவிடப் பளிச்சென்று தெரியும். அது பின்பக்கம் வருவதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

முன் திறப்போ பின் திறப்போ இல்லாமல் தலைவழியாகப் போடும் எதையும் தைப்பதற்கு முன் பிள்ளையின் தலையை அளந்துவிடுங்கள். மூன்று வயதில் தலைச் சுற்று 49, 50 சென்டிமீட்டர் வரை இருக்கும். உடம்பு சின்னது, தலை பெரியது. கழுத்து அளவுக்கு அழகாக வெட்டிய கழுத்து தலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகக் கழுத்தில் நாடா வைத்துக் கட்டும் மாதிரி மட்டும் தைக்காதீர்கள், சறுக்கு மரத்திலோ கதவிலோ சிக்கினால் ஆபத்து. நாடா வேண்டுமென்றால் இடுப்பில், பின்னால், நடுவில் தைத்துப் பிடித்து.

பழைய துணிக்கு மிஷினில் இரண்டு விஷயம். ஊசி புதிதாக இருக்கட்டும். புடவைக்கு 11, சட்டைக்கு 14. மொக்கை ஊசி பழைய நூலை அறுத்துக்கொண்டே போகும். தையலை நெருக்கமாக வைக்காதீர்கள். நைந்த துணியில் நெருங்கிய தையல் தபால்தலை ஓரம் போலத் துளையிட்டு, அதே வரியில் கிழியும். அப்புறம், மேல்பாதியில் துணி எடுக்கும்போது சட்டையின் பக்கத் தையல்களைப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இரட்டைத் தையல், ஒரு மாலைப்பொழுது போய்விடும். தையலை ஒட்டிக் கத்தரித்துவிடுங்கள்.

பட்டுப்புடவையை வெட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மடித்தே வைத்திருந்த பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழியும். உள்ளே மெல்லிய காட்டன் லைனிங் கொடுத்தால் பாவாடைக்குத் தாங்கும். இறுக்கமாக நிற்கும் சட்டைக்குத் தாங்காது. சரிகைக் கரை தோலில் கீறும், லைனிங்கைக் கரைக்குக் கீழ்வரை இறக்கிவிடுங்கள். உண்மையான வெள்ளிச் சரிகை என்றால், வெட்டுவதற்கு முன் பழைய பட்டு வாங்குபவர்களிடம் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.

டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் வேண்டாம். இழுபடும் துணிக்கு நேர்த்தையல் மிஷின் சரிவராது, ஒரே இழுப்பில் நூல் அறுந்துவிடும். ஜீன்ஸ் முடியும், 16 ஊசி போட்டு. ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்குப் பழைய துணியா?" என்று என் அத்தை ஒரு பொங்கலன்று கேட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பிறந்தநாள், பண்டிகைக்குப் புதுசு, மற்ற நாளுக்கு இது என்று வைத்துக்கொண்டோம். இப்போது அத்தையே மாமாவின் சட்டைகளை எடுத்து வைக்கிறார்கள். ஒரு சட்டையை மாமா இன்னும் போட்டுக்கொண்டிருந்தார், அது வேறு கதை.

வெட்டியதில் மிஞ்சும் காட்டன் துண்டுகளை டூவீலர் மெக்கானிக் கடையில் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பாலியெஸ்டரைக் கலந்து கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.