ஹிம்மல்: வானமா, சொர்க்கமா?

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். 'வானம் நீலமாக இருக்கிறது' என்றாலும் ஹிம்மல், ஜெபத்தில் 'பரலோகத்தில் இருக்கிற தந்தையே' என்றாலும் ஹிம்மல். ஆங்கிலத்தில் ஸ்கை, ஹெவன் என்று தனித்தனியாக இருக்கிறதே, ஜெர்மனில் மட்டும் ஏன் ஒரே சொல்? குழப்பம் வராதா?

எம்.

அன்புள்ள எம்.,

ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரே மொழிக் குடும்பம். அதில் தனியாக நிற்பது ஆங்கிலம்தான். டச்சில் ஹேமல், டேனிஷிலும் ஸ்வீடிஷிலும் ஹிம்மல். இரண்டு பொருளுக்கும் ஒரே சொல். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், அதே குடும்பத்தின் பழைய மொழியான கோத்திக்கில் பெயர்த்த பைபிளிலும் ஹிமின்ஸ் என்றுதான் வருகிறது. பழைய ஆங்கிலமும் அப்படித்தான் இருந்தது. இன்றைய ஹெவனின் பழைய வடிவம் வானத்தையும் குறித்தது, சொர்க்கத்தையும் குறித்தது.

அப்புறம் டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய அவர்களுடைய பேச்சிலிருந்து வந்ததுதான் ஸ்கை. அவர்களுக்கு அது மேகம். ஆங்கிலத்திலும் முதலில் மேகம் என்றே வழங்கி, பிறகு மேகம் திரியும் இடத்துக்கே பெயராகிவிட்டது. ஹெவன் மெல்ல மெல்லக் கடவுள் பக்கம் ஒதுங்கியது. சரி, மேகத்துக்கு என்ன செய்தார்கள்? பாறை, குன்று என்ற பொருளில் இருந்த பழைய சொல் ஒன்றைத் தூக்கி மேலே வைத்தார்கள். அதுதான் கிளவுட். திரண்டு நிற்கும் மழைமேகத்தைப் பார்த்து யாரோ குன்று என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது.

டேனிஷில் ஸ்கைக்கு இன்றும் பழைய பொருள்தான். 'ஹிம்மலில் ஒரு ஸ்கைகூட இல்லை' என்று அவர்கள் எழுதினால் வானம் பளிச்சென்று இருக்கிறது என்று அர்த்தம். உச்சரிப்பு வேறு, எழுத்து அதேதான்.

குழப்பம் வராதா என்று கேட்டீர்கள். ஹிம்மலுக்கு முன்னால் வரும் குட்டிச் சொல்லைக் கவனியுங்கள். நட்சத்திரங்கள் 'அம் ஹிம்மல்', தந்தை 'இம் ஹிம்மல்'. சுவரில் படம் மாட்டியிருக்கிறது என்பதற்கு வருகிற அதே 'அன்'தான் 'அம்' ஆகிறது. வீட்டுக்குள் இருப்பதற்கு வருகிற 'இன்' 'இம்' ஆகிறது. நட்சத்திரம் வானத்தின்மேல் ஒட்டியிருக்கிறது, கடவுள் அதற்குள் குடியிருக்கிறார். இந்த ஓர் எழுத்து காதில் பிடிபட்டுவிட்டால் இன்னொரு சொல்லைத் தேட மாட்டீர்கள்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பக்கம் போனால் 'ஹிம்மலும் மண்ணும்' என்று ஒரு சாப்பாடு கேட்டு வாங்குங்கள். மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள், கூடவே வறுத்த சாசேஜ். மண் என்பது உருளைக்கிழங்கு. ஹிம்மல், மரத்தில் காய்த்த ஆப்பிள்.