இருபது வரை சொல்கிறாள், ஆறு ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேளாது, ஆனால் எங்களுக்கு அது தெரிய வந்தது இரண்டரை வயதில்தான். நாலு வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தோம், ஸ்பீச் தெரபிக்கும் தவறாமல் போகிறோம். 1 முதல் 20 வரை வரிசையாகச் சொல்வாள், எழுதவும் எழுதுவாள். ஆறு ஸ்பூன் எடுத்து வா என்றால் மட்டும் கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருகிறாள். கணக்கில் ரொம்ப வீக் என்கிறார் டீச்சர். அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? வீட்டில் சைகை காட்டினால் பேச்சு வராது என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அபாகஸ் இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளிடம் கணக்குக் குறைபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு மொழி தாமதமாகக் கிடைத்திருக்கிறது, அது கணக்கில் வந்து தெரிகிறது.

இருபது வரை ஒப்பிப்பதும் ஆறு என்றால் எத்தனை என்று அறிவதும் வேறு வேறு. காது கேட்கும் குழந்தைகளும் இரண்டு இரண்டரை வயதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுப் போலச் சொல்வார்கள், ஆனால் நாலு பொம்மை கேட்டால் அள்ளித்தான் தருவார்கள். முதலில் 'ஒன்று' புரியும், சில மாதம் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்பது பிடிபட மூன்றரை, நாலு வயது ஆகிவிடும். அதற்குள் அந்தக் குழந்தை எண்களைப் பேச்சில் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கும். உங்கள் மகள் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்பதை நினைத்துப் பாருங்கள், அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள்.

மூன்று வரைக்கும் சொல் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும். அதற்கு மேல் மொழி வேண்டும். நிகரகுவாவில் பள்ளிக்கும் போகாமல், எந்தச் சைகை மொழியும் கிடைக்காமல், வீட்டாரோடு தாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகளை மட்டும் வைத்து வளர்ந்த காது கேளாத நான்கு பெரியவர்களைப் பற்றி 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. வேலைக்குப் போகிறவர்கள், காசைப் புழங்குகிறவர்கள், புத்தியில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். ஆனாலும் மூன்றைத் தாண்டிய எண்ணிக்கையை விரலால் காட்டச் சொன்னால் கிட்டத்தட்டத்தான் காட்டினார்கள். அதே நாட்டில் பள்ளிக்கே போகாத, காது கேட்கும் ஆட்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனவே பள்ளி இல்லாமல் போனதை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது, மொழி இல்லாமல் போனதுதான் காரணம்.

காது கேளாத குழந்தைக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2004-ல் இங்கிலாந்தில் சார்ஃபாட்டி, நூன்ஸ், பிரயன்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கட்டைகளைக் காட்டி, அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். கட்டைகளை ஒரே நேரத்தில் பரப்பிக் காட்டியபோது காது கேட்கும் குழந்தைகளைவிடக் காது கேளாத குழந்தைகள்தான் நன்றாகச் செய்தார்கள்.

இப்போது சைகை விஷயம். பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தில்தான் எத்தனையோ வீடுகளில் குழந்தையின் கையைப் பிடித்து அடக்குகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆய்வாளர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைகையை நீண்ட காலம் தொடர்ந்த குழந்தைகளின் பேச்சும் வாசிப்பும் பின்தங்கியிருந்ததாக 2017-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. ஆனால் பேச்சு சரியாக வராத குழந்தைகளின் குடும்பம்தானே சைகையை விடாமல் தொடரும், எது காரணம் எது விளைவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்று பலர் மறுத்தார்கள். எனக்கும் அந்த மறுப்பே சரியென்று படுகிறது. இன்னொரு பக்கம், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தும் ஆறு மாதத்துக்குள் அமெரிக்கச் சைகை மொழி கிடைத்த, காது கேளாத குழந்தைகளின் சொல்வளம் வயதுக்கேற்றபடி வளர்ந்ததாக 2021-ல் ஒரு ஆய்வு காட்டியது, இத்தனைக்கும் அந்தப் பெற்றோர்களே அப்போதுதான் அதைக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். அதனால் தெரபியை நிறுத்தாதீர்கள், சைகையையும் தடுக்காதீர்கள். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-லிருந்து டெல்லியில் இயங்குகிறது, அதன் அகராதியில் 10,000 சொற்களுக்கு வீடியோ இருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊர்ப் பக்கம் சில சைகைகள் மாறும், ஆகவே உங்கள் மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் அங்கே பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள், அவரோடு உங்கள் மகள் பழகட்டும். அப்பா, பாட்டி எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும், அம்மா மட்டும் கற்றால் போதாது.

கருவியையும் கவனியுங்கள். குளியலும் தூக்கமும் தவிர மற்ற நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும். தினமும் காலையில் அவள் பார்வைக்குப் படாமல் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். திடீரென்று ஒன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்யப் போங்கள்.

வீட்டில் கணக்கை எப்படிக் கொண்டுவருவது? முதலில் ஒன்று: அவளால் ஸ்பூனையும் உங்கள் வாயையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. கேட்டுப் பழகிய குழந்தை ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே நீங்கள் எண்ணுவதைக் கேட்டுக்கொள்ளும். உங்கள் மகளுக்கு நீங்கள் காட்ட வேண்டும், அவள் கண் உங்களிடம் திரும்பும் வரை காத்திருந்து சொல்ல வேண்டும், மறுபடியும் காட்ட வேண்டும். எண்ணி முடித்ததும் ஸ்பூன்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'மொத்தம் ஆறு' என்று வாயாலும் கையாலும் சொல்லுங்கள். அந்த வட்டம் முக்கியம். இருபது வரை இழுக்காதீர்கள், நாலு நன்றாகப் பிடிபட்ட பிறகு ஐந்துக்குப் போங்கள். பல்லாங்குழி, தாயம், புள்ளிக் கோலம் எல்லாம் கண்ணுக்கான கணக்குதான். ஐந்து புள்ளி ஐந்து வரிசை அவளையே வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு 10 ரூபாய் நாணயத்தையும் சில 1 ரூபாய் நாணயங்களையும் கொடுத்து 13 ரூபாய் கேளுங்கள். பத்து ரூபாயையும் 'ஒன்று' என்று எண்ணினால் திட்ட வேண்டாம், இடமதிப்புக்கு அடித்தளம் அங்கேதான் விழுகிறது.

மற்ற குழந்தைகளுக்குத் தக்காளி விலை, பஸ் நம்பர், திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதெல்லாம் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே வந்துவிடும், யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. உங்கள் மகளுக்கு நீங்கள்தான் அதைக் காட்ட வேண்டும். நாட்காட்டியில் தாளைக் கிழிக்கும்போதும், கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பில் வாக்கியக் கணக்கு வரும்போது இன்னொரு கஷ்டம் காத்திருக்கிறது. 'ரவியிடம் 8 மாம்பழம் இருந்தது, சீதாவுக்கு 3 கொடுத்தான்' என்பதும் 'ரவியிடம் 8 மாம்பழம் இருந்தது, சீதா 3 கொடுத்தாள்' என்பதும் அவளுக்கு ஒன்றாகவே தெரியலாம். கழிப்பதா கூட்டுவதா என்று சொல்வது அந்த 'வுக்கு' என்ற சின்ன உருபும் வினையின் கடைசி எழுத்தும்தான், கருவி போட்டுக் கேட்கும் குழந்தைக்கு எளிதில் நழுவிப்போகிற பகுதியும் அதுதான். 8, 3 இரண்டையும் பிடித்துக்கொண்டு கூட்டிவிடுவாள், டீச்சர் கணக்குத் தெரியவில்லை என்று எழுதிவிடுவார். கதையை முதலில் நடித்துக் காட்டுங்கள் அல்லது படமாக வரையச் சொல்லுங்கள், எண்ணை அப்புறம் தொடலாம். வகுப்பிலும் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் குழந்தைகளைப் பார்த்துப் பேசும்படி டீச்சரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக் கண் வழியாகவும் காது வழியாகவும் ஒரு வருடம் கொடுத்த பிறகும் ஐந்து ஆறில் தடுமாறினால், அப்போது கற்றல் குறைபாட்டுக்கான சோதனை செய்யலாம். அந்தச் சோதனையை வாய்மொழியில் மட்டும் நடத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சைகை தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும்.