நவம்பர் விலைக்கழிவும் ஆவணி முகூர்த்தமும்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கலியாண வீடுகள், சாமத்தியச் சடங்குகள், கோயில் திருவிழாக்கள் ஆகியவற்றுக்குப் படம் எடுப்பதே என் தொழில். என்னிடம் இருப்பது நிக்கொன் டீ7200 கமரா. அதனுடன் 18-140 லென்ஸ் ஒன்றும், பழைய 50 எம்எம் எஃப்1.8டி லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன. இரவு நேரக் கலியாணங்களில் படங்கள் மணல் தூவியது போலப் புள்ளி விழுந்து வருகின்றன என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே நிக்கொன் இசட்6-3 வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

தேவையான பணத்தில் பாதிக்குச் சற்று மேல் கையில் உண்டு. நவம்பர் வரை பொறுத்தால் உலகமெங்கும் விலைக்கழிவு வரும், அப்போது வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். இன்னொருவர், புதிய மாதிரி வந்தால் பழையது தானாக விலை இறங்கும், அதுவரை இரு என்கிறார். அம்மாவோ தன் சங்கிலியை அடகு வைத்து இப்போதே வாங்கச் சொல்கிறார். வைகாசியிலும் ஆவணியிலும் சில கலியாணங்களுக்கு முற்பணம் பெற்றிருக்கிறேன். காத்திருப்பதா, வாங்குவதா?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பிக்கு,

விலை இறங்குமா என்ற கேள்விக்குப் பதில் எளிது: இறங்கும். எப்போது இறங்கும், எந்த நாணயத்தில் இறங்கும், அந்த இறக்கம் கொழும்புக் கடையின் மேசை வரை வந்து சேருமா என்பவைதான் உங்களைப் பாதிக்கும் கேள்விகள். உங்கள் நண்பர்கள் இருவரும் இவற்றுக்கு விடை வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் டொலர்க் கணக்கைப் பார்ப்போம். புதிய கமரா ஒன்று வெளிவந்த முதற் சில மாதங்களில் அதன் விலையை நிறுவனங்கள் பொதுவாக அசைப்பதில்லை; அவசரமாக வாங்குபவர்கள் வாங்கி முடிந்த பிறகே முதலாவது விலைக்கழிவு வரும். நீங்கள் விரும்பும் இசட்6-3, 2024 ஜூனில் ஏறத்தாழ 2,500 டொலருக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதி விற்பனைக் காலத்திலேயே சில நூறு டொலர் குறைத்து விற்கப்பட்டது. கனனின் ஆர்6 மார்க் 2 என்ற கமராவும் 2022 நவம்பரில் 2,499 டொலரில் தொடங்கி, இரண்டாண்டுக்குள் 2,000 டொலர் அளவுக்கு வந்தது. ஆகவே நவம்பர் என்று உங்கள் நண்பர் சொன்னது வெறும் வதந்தி அன்று. ஆனால் வெளிவந்து நாட்பட்ட ஒரு கமராவுக்கு அந்த முதலாவது பெரிய இறக்கம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். அதற்குப் பின் வருபவை, அடுத்த மாதிரி அறிவிக்கப்படும் வரை, ஏறியும் இறங்கியும் ஆடும் சிறிய கழிவுகள்தாம்.

அடுத்த மாதிரிக்காகக் காத்திருப்பது அதனிலும் வீண் வேலை. இந்த வரிசையின் முதலாவது கமரா 2018இல் வந்தது. இரண்டாவது 2020இல் வந்தது. மூன்றாவதுக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு, பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டு என்று போகும் இந்த இடைவெளியை வைத்து நான்காவது எப்போது வரும் என்று யாரும் நாள் குறிக்க முடியாது. நிறுவனத்தின் நாட்காட்டியை நம்பி நீங்கள் ஒரு கலியாணத்துக்கும் முற்பணம் வாங்கவில்லையே.

விலை எப்போதும் கீழ்நோக்கியே போகும் என்பதும் உண்மையில்லை. 2011 ஒக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயாவில் வெள்ளம் வந்து நிக்கொனினதும் சோனியினதும் தொழிற்சாலைகள் மூழ்கியபோது கமராக்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2016 ஏப்ரலில் யப்பானின் குமமோட்டோவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், வேறு நிறுவனங்களுக்கும் சென்சர் (கமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாகப் பதியும் தகடு) செய்து கொடுக்கும் சோனியின் ஆலை நின்றது. பியூஜி எக்ஸ்100வி என்ற சின்னக் கமராவின் கதை இன்னும் வேடிக்கையானது: 2020இல் 1,399 டொலருக்கு வந்த அது, பிறகு சமூக ஊடகங்களில் பெயர் எடுத்துக் கடைகளில் கிடைக்காமற் போக, பாவித்த கமராவைக்கூடப் புதிய விலையை விடக் கூட்டி வாங்கினார்கள். அதற்கடுத்த மாதிரி 2024இல் வந்தபோது 200 டொலர் கூடிய விலையில் வந்தது.

இவை வெளியூர்க் கதைகள். நம்முடைய கதை ரூபாவில் நடக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 அளவுக்குப் போனது. வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் விட்டுவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,500 டொலர்க் கமரா ஒன்று 200 ரூபா வீதத்தில் ஐந்து இலட்சம். அதே கமரா 2,000 டொலருக்கு இறங்கும் வரை ஒருவர் பொறுமையாக இருந்து, 360 ரூபா வீதத்தில் வாங்கியிருந்தால் ஏழு இலட்சத்து இருபதாயிரம். ஐந்தில் ஒரு பங்கு விலை குறைந்தும் இரண்டு இலட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பார். 2022இன் தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2022இல் வாங்காமல் ஓராண்டு பொறுத்தவர், 2023இல் ரூபா ஓரளவு நிமிர்ந்தபோது ஆதாயம் பெற்றார். அது கமராவின் விலையைச் சரியாகக் கணித்ததால் வந்த ஆதாயம் அன்று. நாணயத்தில் விழுந்த அதிர்ஷ்டம். அப்படியொரு அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்து நீங்கள் தொழில் நடத்த முடியாது.

கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அவர் கையிருப்பை எந்த வீதத்தில் இறக்குமதி செய்தாரோ அந்த வீதத்தில்தான் விற்பார். அமெரிக்காவில் ஒரு வார விலைக்கழிவு என்று அறிவித்த உடனே, ஏற்கெனவே அலுமாரியில் இருக்கும் பெட்டியின் விலையை அவர் வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சில முகவர்கள் ஆண்டு இறுதியில் கழிவு தருவதுண்டு. தரும்போது ஒரு பையையும் மெமரி கார்டையும் சேர்த்துக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவதும் உண்டு. டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கையில் கொண்டுவரப்பட்டு விற்கப்படும் கமரா மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குக் கடை தரும் உத்தரவாதம் கடையோடு சரி, முகவரின் திருத்தகத்தில் அது செல்லாது. உப்புக்காற்றில் கமரா தூக்கும் உங்களுக்கு அந்த வேறுபாடு சிறியதன்று.

இனி, நவம்பர் என்ற மாதத்தைப் பற்றி. அமெரிக்காவில் அது விற்பனைக் காலம். திருகோணமலையில் அது வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நமக்கு வானம் திறப்பதே அபூர்வம். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வெளிநாட்டவர் குறைந்துவிடுவார்கள். கார்த்திகையில் சில முகூர்த்தங்கள் இருந்தாலும், மார்கழி பிறந்தால் நம்முடைய கலியாண மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களுக்கு மார்கழி தடையில்லை. அங்கும் நீங்கள் வேலை எடுப்பவரானால் இந்தக் கணக்கைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும், உங்களுக்கு உழைப்புத் தரும் வைகாசியையும் ஆனியையும் ஆவணியையும் பழைய கமராவோடு கழித்துவிட்டு, உழைப்பு ஓயும் காலத்தில் புதியதை வாங்கித் தை பிறக்கும் வரை பெட்டியில் வைத்திருப்பீர்கள். விலைக்கழிவாகக் கிடைக்கும் தொகையை, இந்த மாதங்களில் புதிய கமரா கூடுதலாகக் கொண்டுவரக்கூடிய ஒன்றிரண்டு வேலைகளின் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காத்திருப்பதன் செலவு அங்கேதான் இருக்கிறது. அதை எந்தக் கடையும் பற்றுச்சீட்டில் எழுதித் தராது.

அதற்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கச் சொல்லமாட்டேன். அடகு வட்டி மாதம் மாதம் ஏறும். மீட்பதற்கு ஆவணி கடந்து மார்கழியும் வந்துவிட்டால், நீங்கள் நவம்பரில் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகையில் பெரும்பகுதியை வட்டியே விழுங்கிவிடும். மேலும், மீட்க முடியாமற் போகும் நகை உங்களுடையதன்று.

நீங்கள் காத்திருக்கும் விலை இறக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது என் எண்ணம். அது வேறு பெயரில் வந்திருப்பதால் கண்ணில் படவில்லை. கமராக்களில் விலை இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே கமராவின் விலையைக் குறைப்பது. மற்றது, மேல்வரிசைக் கமராவின் மூளையை எடுத்துக் கீழ்வரிசைக் கமராவுக்குள் வைத்து மலிவாக விற்பது. 2025 ஏப்ரலில் 1,700 டொலருக்கு வந்த நிக்கொன் இசட்5-2 இரண்டாவது வகை. இசட்6-3இல் இருக்கும் எக்ஸ்பீட் 7 செயலியே இதிலும் இருக்கிறது. சென்சரும் முழுச்சட்ட (பழைய பிலிம் சட்டத்தின் அளவுள்ள) 24 மெகாபிக்சல்தான். மங்கிய வெளிச்சத்தில் முகத்தையும் கண்ணையும் பிடித்து ஃபோகஸ் செய்வதில் கலியாண வீட்டு அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காணமாட்டீர்கள். மெமரி கார்ட் விடயத்தில் எனக்கு இதுவே பிடிக்கும். இசட்6-3இல் ஒரு துளை விலைகூடிய சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டுக்கானது. இசட்5-2இல் இரண்டு துளைகளும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எஸ்டி கார்டுகளுக்கானவை. தாலி கட்டும் நேரத்துப் படங்களை இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிய வைப்பவருக்கு இது நிம்மதி.

இசட்6-3 எங்கே மேலானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் சென்சர் வேகமாகப் படிக்கும் வகை. மண்டபங்களில் இப்போது தொங்கவிடும் எல்ஈடி விளக்குகளுக்குக் கீழே சத்தமில்லாத மின்னணுச் சட்டரில், அதாவது கதவு அசையாமல் சென்சரே வரிவரியாகப் படிக்கும் முறையில் படம் எடுத்தால், மணப்பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும்; மெதுவாகப் படிக்கும் சென்சரில் அது மோசமாகத் தெரியும். இசட்5-2 வைத்திருப்பவர் அந்த இடத்தில் இயந்திரச் சட்டருக்கு மாறிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் மண்டபத்தில் சட்டர்ச் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது? வீடியோவும் உங்கள் முதன்மைத் தொழிலாக இருந்தால் மட்டும் என் ஆலோசனை மாறும். இசட்5-2இல் வீடியோவை 4கே தரத்தில் வினாடிக்கு 60 பிரேமில் பதியும்போது படம் ஒன்றரை மடங்கு வெட்டுப்படும். ஒடுக்கமான மணவறையில் அது தொல்லை.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பணக்கணக்கைக் குலைக்கப்போகும் விடயம் லென்ஸ். உங்களிடம் இருக்கும் 18-140, டீ7200 போன்ற சிறிய சென்சருக்காகச் செய்யப்பட்டது. எஃப்டிஇசட் என்ற இணைப்பியைப் போட்டு முழுச்சட்டக் கமராவில் அதைப் பூட்டலாம். ஆனால் கமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, 24 மெகாபிக்சலில் 10 அளவையே உங்களுக்குத் தரும். 50 எம்எம் எஃப்1.8டி லென்ஸுக்கு உள்ளே மோட்டார் இல்லை. டீ7200 தன் திருகினால் அதைச் சுழற்றிக் கொடுத்தது. அந்த இணைப்பியில் அத்திருகு இல்லாததால் இனிக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆகவே இசட்6-3இன் உடலை மட்டும் வாங்கினால் ஆவணிக் கலியாணத்துக்குக் கமரா இருக்கும், பொருத்தமான லென்ஸ் இருக்காது. இசட்5-2க்குப் போனால் மிஞ்சும் தொகையில் 24-70 எஃப்4 லென்ஸ் ஒன்றைப் பாவித்ததாகவேனும் பார்க்கலாம். லென்ஸ் விலை உடலின் விலையைப் போல வேகமாக இறங்குவதில்லை என்பதால் அதற்காகக் காத்திருப்பதில் பெரிய பயனும் இல்லை.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது, அது நம் கரையோரத்தில் இருந்ததா என்று கேளுங்கள். கேட்டால் உண்மை சொல்வார்கள் என்று நம்ப வேண்டாம். கைத்தொலைபேசியின் விளக்கைப் பின்பக்கத்தால் பாய்ச்சி முன்பக்கத்தால் சரிவாகப் பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரியும். கமராவோடு பூட்டும் வளையத்தின் திருகாணித் தலைகளில் வெள்ளைப் பூப்பு இருந்தால் அது கடலைக் கண்ட சாமான்; விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இசட்5-2 உடலுக்கும் லென்ஸுக்கும் கையிருப்பு எட்டாவிட்டால், வைகாசிக் கலியாணங்களைப் பழைய கமராவிலேயே எடுங்கள். எஃப்1.8டி லென்ஸை டீ7200இல் பூட்டி, வெளிச்ச உணர்திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 3200க்கு மேல் ஏற்றாமல், கூரை வெள்ளையாக உள்ள மண்டபங்களில் பிளாஷ் விளக்கைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடித்தால் நீங்கள் சொல்லும் புள்ளிகள் பெரிதும் அடங்கும். அந்தக் கூலியோடு ஆனியில் வாங்கினால் ஆவணிக்கு முன் கமராவைக் கையில் பழக ஆடி மாதம் முழுவதும் இருக்கிறது. டீ7200ஐ மட்டும் விற்றுவிட வேண்டாம். இன்று அதற்குக் கிடைக்கும் விலை சொற்பம், இரண்டாவது கமரா இல்லாமல் கலியாண வீட்டுக்குப் போகவும் கூடாது.