கேள்வி-பதில்: மூன்றே நாளில் மூட்டு வலி போய்விட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இணையத்தில் ‘முழுக்க மூலிகை’ என்று போட்டிருந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே எதையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். முகம் மட்டும் கொஞ்சம் உப்பினாற்போல் தெரிகிறது. அடுத்த டப்பா வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அதே சமயம், கையில் இருப்பதை நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். இன்றோ நாளையோ டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள்.

பல வருடமாகத் தேய்ந்த மூட்டின் வலி மூன்றே நாளில் மாயமாகிறது என்றால் எனக்கு முதலில் வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு மருந்தின் மேல்தான் சந்தேகம் வரும். முகம் உப்புவது அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. இப்படி நடந்தும் இருக்கிறது. ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பெயரில் விற்ற மூட்டுவலி மாத்திரைகளைச் சோதித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் கலந்திருப்பதாக 2022-இல் எச்சரித்தது. லேபிளில் இரண்டின் பெயரும் இல்லை.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டுமே இல்லாமல் போய், வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று ஆபத்தில் முடியலாம். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள், புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் அம்மாவுக்கு ஒத்துவருமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மேலே தடவுவதால் ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு.

கேள்வி: அப்படியானால் மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை வாங்கலாமா?

பதில்: நான் காசு போட மாட்டேன். முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. மொத்தத்தில் பார்த்தால் குளுக்கோசமைனுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வாங்கியே தீர்வேன் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். பல தயாரிப்புகளில் அது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது, ஒவ்வாமை இருந்தால் தொடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு அபாயம் கூடும்.

கேள்வி: வலது கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஒற்றைத் தடி போதும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். கடைக்காரர் நாலு கால் தடியைத்தான் எடுக்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: பிசியோதெரபிஸ்ட் சொன்னதையே வாங்குங்கள். நாலு கால் தடி, சமநிலை ரொம்பவும் தடுமாறுபவர்களுக்கானது. நாலு காலும் ஒருசேரத் தரையில் பதிய வேண்டும், குறுகலான படியில் அது முழுசாக உட்காரவே உட்காராது.

உயரம் மாற்றக்கூடிய தடியாகப் பாருங்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்புக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கினால் அளவு சரி. தடி இடது கையில், அதாவது அடிபடாத பக்கம். வலது காலும் தடியும் சேர்ந்தே முன்னால் போக வேண்டும். சினிமாவில் பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள்!

அப்புறம், அடியில் இருக்கும் ரப்பர் புஷ். தடி எடுக்கும்போதே உபரியாக ஒன்று வாங்கிவிடுங்கள். என் தடியில் புஷ்ஷின் வரிகள் மொழுமொழுவென்று தேய்ந்திருந்ததை, குளியலறை வாசலில் வழுக்கிய பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

கேள்வி: முழங்காலில் மாட்டும் உறை (நீ-கேப்) பெரிய சைஸா, சின்ன சைஸா?

பதில்: கண்ணளவில் எடுக்காதீர்கள். எந்த இடத்தில் சுற்றளவு எடுப்பது என்று அந்தத் தயாரிப்பின் அட்டையிலேயே இருக்கும், டேப் வைத்து அளந்து வாங்குங்கள். போட்டபின் பாதம் மரத்தாலோ, நிறம் மாறினாலோ உடனே கழற்றுங்கள். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் கடைக்குப் போகாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.